சீட்டித் துணியும் பிரெஞ்சுச் சுவரும்

தோவாளையில் பூவுக்குப் பஞ்சம் என்று யாரும் சொன்னதில்லை. விடியுமுன்னே சந்தை கூடிவிடும். பிச்சி, மல்லி, அரளி, சம்பங்கி, கேந்தி, கொழுந்து என்று மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். வெயில் ஏறுவதற்குள் பாதிக்கு மேல் கேரளத்துக்கு வண்டி ஏறிவிடும். ஓணத்துப் பத்து நாளும் அங்குள்ள முற்றங்களில் போடுகிற அத்தப்பூவுக்கு இங்கிருந்துதான் பூ போகிறது. இப்படிப்பட்ட ஊரில், கொஞ்ச வருடங்களாகக் கட்டுகிற புதுவீடுகளின் முன்னறைச் சுவரில் பிளாஸ்டிக் தாளில் அச்சடித்த ரோஜா பூத்திருக்கிறது. சோபா உறையிலும் அதே ரோஜா. ஜன்னல் திரையில் ஆடு மேய்க்கிற வெள்ளைக்காரப் பெண், ஊஞ்சலாடுகிற வெள்ளைக்காரச் சிறுமி, பக்கத்தில் ஒரு இடிந்த மண்டபம். கேட்டால் ‘பிரெஞ்சு டிசைன்’ என்கிறார்கள். சொல்லும்போது குரல் ஒரு படி ஏறுகிறது.

நாகர்கோவிலில் ஒரு கடையில் மாதிரிப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, அங்கே நின்ற பையனிடம் கேட்டேன். “பிரெஞ்சுன்னு போட்டிருக்கே தம்பி, பிரான்சுல எந்த ஊரு?” அவன் சிரித்துவிட்டான். “அது டிசைனுக்க பேரு அண்ணாச்சி. ரோலு சைனாவுல இருந்து வரும், இல்லேன்னா குஜராத்துல இருந்து வரும். பிரான்சுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல.” உள்ளதைச் சொன்னான். அவன் மேல் எனக்கு வருத்தம் கிடையாது. அந்தப் பெயர் மேல்தான் வருத்தம். அந்தப் பெயருக்கு மறுப்புச் சொல்வதாக நினைத்துக்கொண்டு, “இதெல்லாம் நம்மகிட்ட இருந்து களவு போனது தெரியுமா?” என்று வாட்ஸப்பில் மார்தட்டுகிறவர்கள் மேல் அதைவிட அதிக வருத்தம். ஒருவன் சரக்கை விற்கிறான், மற்றவன் பெருமையை விற்கிறான். அந்தப் பூவை வரைந்த கை இரண்டு பேர் கணக்கிலும் இல்லை. அந்தக் கையைப் பற்றிப் பேசத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சுவரில் பூ வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. என் மைனி ஒருத்தி பால்காய்ப்புக்கு முன்னால் சொன்னாள்: “வெள்ளையடிச்ச ஆசுபத்திரி மாதிரி இருக்கப்பிடாது பாத்துக்கிடுங்க. நாலு பூவாவது இருக்கணும்.” இதில் என்ன தப்பு? இதைக் கேட்டு முகம் சுளிக்கிற கூட்டம் ஒன்று இப்போது நகரங்களில் பெருகியிருக்கிறது. சாம்பல் நிறச் சுவர், கழுவிவிட்ட மாதிரி ஒரு மேசை, மூலையில் ஒற்றைச் செடி. அதற்குப் பெயர் எளிமை. அந்த எளிமைக்கு ஆகிற செலவைக் கேட்டால் மயக்கம் வரும். பூப்போட்ட திரையைப் பார்த்து ‘ரசனை இல்லாதவர்கள்’ என்று அவர்கள் சொல்வது ரசனை பற்றிய பேச்சே இல்லை. நேற்றுக் காசு வந்தவனைப் பார்த்து முந்தாநாள் காசு வந்தவன் சொல்கிற சொல் அது.

அலங்காரம் நம் நாட்டுக்குப் புதிது என்று எவரும் சொல்லிவிட முடியாது. தக்கலைக்குப் பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனை இருக்கிறது. பூமுகத்தில் நின்று அண்ணாந்து பாருங்கள். மரக்கூரை முழுக்கப் பூ. தொண்ணூறு வகை என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். ஒன்றைப்போல ஒன்று இல்லை என்பதை யாரும் சொல்லாமலே கண் கண்டுகொள்ளும். உப்பரிகை மாளிகையின் மேல்மாடிச் சுவர்களில் மண்ணிலும் செடியிலும் எடுத்த நிறங்களால் தீட்டிய ஓவியம். அரசனுக்கு அரண்மனை என்றால் குடியானவனுக்கு வாசல் கோலம், திண்ணைக்குக் காவிப்பட்டை, நிலைப்படிக்கு மஞ்சள். சுவரைச் சும்மா விடுகிற பழக்கம் நமக்கு இருந்ததே இல்லை. ஆகவே பூ வேண்டும் என்ற மைனியின் ஆசை பழைய ஆசை. அந்த ஆசைக்குக் கடை சூட்டுகிற பெயர்தான் புதுசு.

அந்தப் பெயரின் கதையைப் பார்ப்போம்.

என் ஆச்சி தலைமுறைக்குச் ‘சீட்டி’ என்றால் விலை குறைந்த பூப்போட்ட துணி. சீட்டிப் பாவாடை, சீட்டிச் சட்டை. பட்டு எடுக்க வழியில்லாத வீட்டில் திருவிழாவுக்கு எடுப்பது. ஆங்கிலத்தில் சின்ட்ஸ் என்று சொல்லுகிற சொல்லும் இதுவும் ஒரே வேரிலிருந்து வந்தவை. பிரெஞ்சுக்காரர்கள் இதே துணிக்கு வைத்த பெயர் ‘இந்தியென்’. இந்தியாவைச் சேர்ந்தது என்பதற்கு மேல் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் கிடையாது. அவர்கள் ஒளித்துவைக்கவில்லை. பெயரிலேயே ஊரை எழுதிவைத்தார்கள்.

1670ல் மோலியர் ஒரு நாடகம் போட்டார். துணி வியாபாரத்தில் பணம் சேர்த்த குடும்பத்து ழூர்தேன் என்பவர் பிரபுவாகக் காட்டிக்கொள்ள ஆசைப்படுகிறார். சங்கீத வாத்தியார், நடன வாத்தியார், கத்திச் சண்டை வாத்தியார் என்று வரிசையாகக் கூலிக்கு வைக்கிறார். அவர் மேடைக்கு வரும்போது உடுத்தியிருப்பது ஒரு இந்தியென் அங்கி. பெரிய மனிதர்கள் காலை நேரத்தில் இப்படித்தான் உடுத்துவார்கள் என்று தையல்காரன் சொன்னதாகப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறார். கொட்டகை சிரிக்கிறது. முந்நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் பாரிசில் பெரியமனுசத்தனத்துக்கு அடையாளம் நம் கரையில் வரைந்த துணி. இன்றைக்குத் தோவாளையில் பெரியமனுசத்தனத்துக்கு அடையாளம் பிரெஞ்சு என்று பெயர் போட்ட தாள். ழூர்தேன் ஊர் மாறியிருக்கிறார், அவ்வளவுதான்.

அந்தத் துணி பிரான்சுக்குள் வந்த வேகத்தைப் பார்த்து அங்குள்ள பட்டு நெசவாளர்களும் கம்பளி வியாபாரிகளும் கதிகலங்கிப்போனார்கள். 1686 அக்டோபரில் அரசாணை வந்தது. பூப்போட்ட பருத்தித் துணியை வெளியிலிருந்து கொண்டுவரக் கூடாது, பிரான்சுக்குள் அச்சடிக்கவும் கூடாது. கிழக்கிந்தியக் கம்பெனி கொண்டுவந்தால் வேறு நாட்டுக்கு விற்றுவிட வேண்டும். இந்தத் தடை 1759 வரை, 73 வருடம் நீடித்தது. ஆணைமேல் ஆணை வந்தது. தெருவில் போகிற பெண்ணின் உடலிலிருந்தே துணியைப் பிடுங்கிய சம்பவங்கள் உண்டு. கடத்தல்காரர்களுக்குக் கடும் தண்டனை. இத்தனைக்கும் நடுவில், அரசனுக்கு நெருக்கமான மதாம் தெ பாம்பதூர் தன் பெல்வ்யூ மாளிகையின் அறைகளைக் கடத்தல் துணியாலேயே அலங்கரித்திருந்தார். சட்டம் தெருவுக்கு, பூ மாளிகைக்கு. இது எந்த ஊரிலும் நடப்பதுதான்.

அந்தத் துணியில் அப்படி என்ன இருந்தது? பூ இருந்தது என்பது பாதிப் பதில். ஐரோப்பாவில் பூ வரையத் தெரியாதா? துவைத்தாலும் போகாத பூ இருந்தது என்பது முழுப் பதில். அவர்கள் துணிமேல் பூசிய நிறம் தண்ணீர் பட்டால் வழிந்தது. சோழமண்டலக் கரையில் வரைந்த நிறம் துவைக்கத் துவைக்கத் தெளிந்தது. அந்த வித்தையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பருத்தித் துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் ஊறவைத்துக் காயப்போடுவார்கள். கடுக்காய் சாயத்தைப் பிடிக்கும், பாலின் கொழுப்பு கோடு பரவாமல் தடுக்கும். ஊசியால் துளையிட்ட தாளைத் துணிமேல் விரித்துக் கரித்தூள் தட்டிச் சித்திரத்தை இறக்குவார்கள். கறுப்புக் கோட்டுக்கு இரும்பை ஊறவைத்த காடி, சிவப்புக்குப் படிகார நீர். அதன்பிறகு சாயவேர்க் கொதியில் துணியை முக்குவார்கள். சாயவேர் என்பது கடற்கரை மணலில் வளர்கிற இம்பூரல் செடியின் வேர். படிகாரம் தொட்ட இடத்தில் மட்டும் சிவப்பு நிற்கும், மற்ற இடத்தில் சாணிநீரிலும் வெயிலிலும் வெளுத்துவிடும். நீலத்துக்கு, நீலம் வேண்டாத இடமெல்லாம் மெழுகு பூசி அவுரித் தொட்டியில் போடுவார்கள். மஞ்சளைக் கடைசியில் தீட்டுவார்கள். ஒரு துணி முடிய வாரக்கணக்கில் ஆகும். ஒவ்வொரு கட்டத்திலும் தண்ணீரின் குணம் தெரிந்திருக்க வேண்டும், வெயிலின் அளவு தெரிந்திருக்க வேண்டும். அந்தக் காலத்து ஐரோப்பிய ரசாயனம் இந்த இடத்துக்கு வந்து சேரவில்லை.

வரத்தான் பார்த்தார்கள். 1734ல் பாண்டிச்சேரிக்கு வந்த பெலியே என்ற கடற்படை அதிகாரி, ஓவியக்காரர்கள் வேலைசெய்யும் இடத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் துணியில் ஒரு துண்டை வெட்டிக் குறிப்போடு சேர்த்து வைத்துக்கொண்டார். பிரான்சில் சாயத் தொழிலைக் கவனித்துவந்த விஞ்ஞானி துய்ஃபேக்காகச் சேகரித்தவை அவை. அந்தக் குறிப்பும் துண்டுகளும் இன்றும் பாரிசில் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் வசம் இருக்கின்றன. 1742ல் கேர்தூ என்ற சேசு சபைப் பாதிரியார் சோழமண்டலக் கரையிலிருந்து ஊருக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். கிறிஸ்தவத்துக்கு வந்த ஓவியக்காரர்களிடம் கேட்டுக் கேட்டு, கடுக்காயிலிருந்து மெழுகு வரை அத்தனையையும் வரிசையாக எழுதிவிட்டார். கடிதம் அச்சாகி ஐரோப்பா முழுக்கப் போனது. சமஸ்கிருதத்துக்கும் லத்தீனுக்கும் உள்ள உறவைப் பற்றி முன்கூட்டியே எழுதியவர் என்று மொழியியலாளர்கள் கொண்டாடுகிற அதே கேர்தூதான்.

இதைக் களவு என்று சொல்லலாமா? தாராளமாகச் சொல்லலாம். தொழில் ரகசியத்தை வெளியூர்க்காரன் எழுதிக்கொண்டு போய் நமக்கு எதிராகவே தொழில் நடத்தினால் வேறு என்ன பெயர்? ஆனால் வாட்ஸப் அண்ணாச்சிமார்கள் இந்த இடத்தில் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். பெலியே வந்து உட்கார்ந்த இடத்தில் அதற்கு முன்னால் நம்மில் எழுதத் தெரிந்த எவர் போய் உட்கார்ந்தார்? தலபுராணம் எழுதினோம், ஜோசியம் எழுதினோம், மருத்துவம் எழுதினோம். சாயவேரை எத்தனை நாழிகை கொதிக்கவைக்க வேண்டும் என்று எழுத யாருக்கும் தோன்றவில்லை. ஏனென்றால் சாயத் தொட்டியில் கைவிட்டவனோடு சமமாக உட்காரும் வழக்கம் எழுத்தாணி பிடித்தவனுக்கு இல்லை. சாயக்காரன் ஒரு சாதி, எழுதுகிறவன் இன்னொரு சாதி. அறிவு கைக்குள்ளேயே இருந்தது, கையோடு போனது. களவு போனது உண்மை. வீட்டை நாமே திறந்துபோட்டிருந்ததும் உண்மை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஐரோப்பாவுக்குப் போன அந்தப் பூக்கள் கலப்பில்லாத ‘நம்ம பூ’ என்று நினைத்தால் அதுவும் தப்பு. சிவப்புத் தரையில் வரைவது நம் பழக்கம். வெள்ளைத் தரை வேண்டும், நடுவில் கொடியும் கிளையும் வேண்டும் என்று லண்டன் கம்பெனி முதலாளிகள் 1640களிலேயே கடிதம் எழுதிக் கேட்டிருக்கிறார்கள். பிறகு மாதிரிப் படங்களையே கப்பலில் அனுப்பினார்கள். பாரசீகச் சித்திரம், சீனத்துப் பாறை, இங்கிலாந்துத் தையல்வேலைப் பூ எல்லாம் வந்து சேர்ந்தன. பார்த்திராத பூவை நம் ஓவியக்காரன் பார்த்த பூவைப்போல வரைந்தான். அவன் கைபட்டு அது வேறொன்றாக ஆகித் திரும்பிப் போனது. பிறந்த ஊர் எது என்று கேட்டால் அந்தப் பூவுக்கு நாலு ஊர் உண்டு. வரைந்த கைக்குத்தான் ஒரே ஊர். நாம் உரிமை கொண்டாட வேண்டியது டிசைனைப் பற்றி அல்ல, கையைப் பற்றி.

1760ல், தடை நீங்கிய மறுவருடம், ஓபர்காம்ஃப் என்ற ஜெர்மானியப் பையன் வெர்சாய்க்குப் பக்கத்தில் ழூயி என்ற ஊரில் அச்சுப் பட்டறை போட்டான். முதலில் மரஅச்சு, பத்து வருடத்தில் செப்புத் தகடு, 1797ல் உருளை. 1783ல் அரசன் அதை அரச ஆலையாக அறிவித்தான். இன்று ‘தோய்ல் தெ ழூயி’ என்று விற்கிற ஆட்டிடைச்சித் துணி அங்கே பிறந்ததுதான். ஆனால் அந்த ஆலை அச்சடித்ததில் மிகப்பெரும்பகுதி இடைச்சி அல்ல, பூ. நம் கரையிலிருந்து கற்ற பூ. ஆலை 1843ல் மூடிவிட்டது. ஓபர்காம்ஃப் பெயரில் பாரிசில் ஒரு தெரு இருக்கிறது, மெட்ரோ நிலையம் இருக்கிறது, ழூயியில் ஒரு அருங்காட்சியகமே இருக்கிறது.

எனக்குப் பிடித்த ஒரு விஷயமும் அங்கே உண்டு. 1783ல் அந்த ஆலையின் ஓவியர் உவே ஒரு துணிக்குச் சித்திரம் போட்டார். அதில் இடைச்சி இல்லை, தேவதை இல்லை. ஆலையில் துணி வெளுக்கிறவர்கள், அச்சு அடிக்கிறவர்கள், தூரிகையால் நிறம் தீட்டுகிற பெண்கள், புல்வெளியில் துணி விரிக்கிறவர்கள் இவர்கள்தான் சித்திரம். அதுமட்டுமல்ல, ஒவ்வொரு துணியின் தலைப்பிலும் ஆலையின் பெயரையும் சாயம் போகாது என்ற உறுதியையும் முத்திரையாக அடித்தார்கள். நம் கரையில் வரைந்து ஐரோப்பா போன துணிகளின் பின்பக்கத்திலும் முத்திரை இருக்கிறது. அது வாங்கிய கம்பெனியின் முத்திரை. வரைந்தவன் பெயர் இல்லை.

இதற்காக ஓபர்காம்ஃபைத் தியாகியாக்க வேண்டாம். சிறுவர்களையும் வேலைக்கு வைத்துக்கொண்ட முதலாளிதான் அவன். நான்ந்த் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட அடிமைக் கப்பல்களில் இதே பூப்போட்ட இந்தியென் துணிகள்தான் சரக்காகப் போயின. ஆப்பிரிக்கக் கரையில் மனிதர்களுக்கு விலையாகக் கொடுத்தார்கள். சாகாமல் பிழைத்த ஒரு ‘பாரம்பரியம்’ என்று எதைக் காட்டினாலும் அடியில் புரட்டிப் பார்த்தால் இப்படி ஏதாவது ஒன்று ஒட்டியிருக்கும். மாதிரிப் புத்தகத்தில் அது அச்சாவதில்லை.

துணியின் கதை இது. சுவர்த்தாளின் கதை இன்னும் கூர்மையானது. பாரிசில் சேன் அந்துவான் புறநகரில் ரெவேய்யோன் என்பவரின் சுவர்த்தாள் ஆலை பெயர்பெற்றது. 1783ல் மோங்கோல்ஃபியே சகோதரர்கள் பறக்கவிட்ட பலூனுக்கு அலங்காரம் செய்தவர் அவர். 1789 ஏப்ரலில் ஒரு கூட்டத்தில் ரொட்டி விலையையும் கூலியையும் பற்றி அவர் ஏதோ பேசினார். கூலியைப் பதினைந்து சூவுக்குக் குறைக்கச் சொன்னார் என்று பேச்சுப் பரவியது. அவர் சொன்னது அதுதானா என்று இன்றும் வாதாடுகிறார்கள். ஊர் திரண்டுவந்து வீட்டையும் ஆலையையும் சூறையாடியது. படை சுட்டதில் பலர் செத்தார்கள். பாஸ்தீய் சிறை விழுந்தது அதற்குப் பிறகு இரண்டரை மாதம் கழித்துத்தான். பிரெஞ்சுச் சுவர்த்தாள் என்று நாம் மெதுவாகத் தடவிப்பார்க்கிற பொருளின் பின்பக்கத்தில் ஒரு கூலிக் கலவரம் இருக்கிறது. அந்தத் தாளில் பிரான்சுக்குச் சொந்தமான பாடம் ஏதாவது உண்டென்றால் அது இதுதான்: அலங்காரத்தைச் செய்கிறவனுக்கு என்ன கூலி என்ற கேள்வி.

இனித் தோவாளைக்கு வருகிறேன், ஏனென்றால் இந்தக் கேள்வியை இங்கே கேட்கத்தான் இவ்வளவு தூரம் சுற்றினேன்.

எங்கள் ஊரில் மாணிக்கமாலை என்று ஒன்று கட்டுகிறார்கள். வெள்ளை அரளி, சிவப்பு அரளி, நொச்சி இலை. ஒவ்வொரு பூவையும் மடித்து மடித்து நாரில் வரிசை வரிசையாகக் கோர்த்தால் பாய் பின்னிய மாதிரித் தட்டையாக ஒரு மாலை வரும். கட்டம் கட்டமாகச் சிவப்பு மணி பதித்ததுபோல இருக்கும். திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலுக்கு இங்கிருந்து மாலை போன கதையையும், ராஜா பார்த்து மாணிக்கம்போல இருக்கிறது என்று சொன்னதால் இந்தப் பெயர் வந்த கதையையும் ஊரில் சொல்வார்கள். கதை எப்படியோ, அந்த மாலையில் இருப்பது அசல் டிசைன். எத்தனை பூவுக்கு ஒரு இலை, எந்த வரிசையில் நிறம் மாற வேண்டும் என்ற கணக்கு முழுக்கக் கட்டுகிறவர் மனசில் இருக்கிறது. தாளில் இல்லை. 2025ல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரே சந்தோஷப்பட்டது. நானும்தான்.

ஆனால் புவிசார் குறியீடு என்றால் என்ன? 1999ல் போட்ட சட்டத்தின்படி அது ஊரின் பெயரைக் காக்கிறது. வேறு ஊரான் ‘தோவாளை மாணிக்கமாலை’ என்று சொல்லி விற்க முடியாது. கட்டுகிறவருக்கு இவ்வளவு கூலி கொடு என்று அது யாரிடமும் சொல்லாது. அவர் பிள்ளை இந்தத் தொழிலுக்கு வருவானா என்று அது கேட்காது. பெயர் பத்திரமாக இருந்து கை இல்லாமல் போய்விட்டால், ழூயிக்காரர்களைப்போல நாமும் ஒரு அருங்காட்சியகம் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். அவர்களிடமாவது மாதிரித் துணிகள் இருக்கின்றன. பூமாலையை எந்தக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பது?

இப்போது ஒரு கல்யாண மண்டபத்துக்கு வாருங்கள். மாப்பிள்ளை பெண் கழுத்தில் தோவாளைப் பூ. முதுகுக்குப் பின்னால் மேடை முழுக்கத் துணிப்பூ, அதற்கும் பின்னால் பிரெஞ்சு ஜன்னல் படம் அச்சடித்த ஃப்ளெக்ஸ். மாலைக்காரரிடம் நூறு ரூபாய்க்கு நாற்பது நிமிடம் பேரம் பேசிய அதே மாமா, மேடை அலங்காரக்காரர் சொன்ன ஆயிரங்களை வாய் திறக்காமல் எண்ணிக்கொடுக்கிறார். “என்னண்ணே, பூவுக்கு மட்டும் இந்த இழுப்பு இழுக்கியளே?” என்று கேட்டால், “பூவு நாளைக்கு வாடிரும்லா” என்கிறார். ஃப்ளெக்ஸ் மட்டும் என்ன, அடுத்த நாள் கோழிக்கூட்டுக்குக் கூரையாகிவிடும். வாடுவது அல்ல பிரச்சினை. பூவைக் கட்டிய ஆள் மாமாவுக்குத் தெரிந்த ஆள். தெரிந்த ஆளின் வேலைக்கு விலை கொடுக்க நமக்குக் கை வராது. முகம் தெரியாத வேலைக்கு, அதிலும் பிரெஞ்சுப் பெயர் வைத்த வேலைக்கு, கேட்ட விலை கொடுப்போம். நம் ரசனையில் உள்ள உண்மையான கோளாறு இது. பூவில் இல்லை.

“எல்லாவனுக்கும் கையால் வரைஞ்ச துணி வாங்க வசதி இருக்கா வே?” என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. யாரும் சுவர் முழுக்கக் கலம்காரி மாட்டச் சொல்லவில்லை. சோழமண்டலக் கரையில் அந்த வேலை முற்றிலும் செத்துப்போகவில்லை. கும்பகோணத்துக்குப் பக்கம் சிக்கல்நாயக்கன்பேட்டையில் கோயில்களுக்குத் தொம்பையும் தோரணமும் மேற்கட்டியும் வரைகிற குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. கருப்பூர்க் கலம்காரி என்ற பெயரில் அதற்கும் 2021ல் புவிசார் குறியீடு ஆயிற்று. ஒரு முழத் துணியை நேரில் போய், சொன்ன விலைக்கு வாங்கி, நிலைவாசலுக்கு மேல் தொங்கவிடலாம். அதற்கும் வசதியில்லை என்றால் சுண்ணாம்புச் சுவரும் காவிப்பட்டையும் போதும். அழகில் குறைவொன்றும் வராது.

சுவர்த்தாளுக்கு இந்த மண் ஒத்துக்கொள்ளாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடலாம். தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் இரண்டுமே நனைக்கிற மாவட்டம் இது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற சாரல்காற்று சுவருக்குள் ஈரத்தை அடித்து ஏற்றும். சுண்ணாம்புச் சுவர் அந்த ஈரத்தை உள்வாங்கி வெயில் வந்ததும் வெளியே விட்டுவிடும். பிளாஸ்டிக் தாள் விடாது. தாளுக்குப் பின்னால் ஈரம் அடைபட்டு, ரெண்டு மழைக்காலத்தில் ஓரம் எழும்பி, உள்ளே கருப்பாகப் பூசணம் பூக்கும். பிரெஞ்சு ரோஜாவுக்குப் பின்னால் பூத்த நாஞ்சில் நாட்டுப் பூ அது. பிள்ளைகளுக்கு மூச்சிரைப்பு உள்ள வீடென்றால் இன்னும் யோசிக்க வேண்டும்.

தாள் ஒட்டியே தீருவேன் என்கிறவர் ஒட்டிக்கொள்ளட்டும். எவர் வீட்டுச் சுவருக்கும் நான் காவல்காரன் இல்லை. கடையில் ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு வாங்குங்கள் என்றுதான் சொல்கிறேன்: “இதை யார் வரஞ்சது?” பதில் வராது. பதில் வராத பொருளுக்கு ‘பாரம்பரியம்’ என்று கூடுதல் விலை கொடுக்காதீர்கள். அதைத் தாள் என்று சொல்லி, தாளுக்கு உரிய விலை கொடுங்கள். “நம்ம பாரம்பரியம்” என்று முழங்குகிறவர்களும் இதே கேள்விக்குப் பதில் சொல்லட்டும். தொம்பை வரைகிறவர் ஒருவர் பெயர் சொல்லுங்கள். மாணிக்கமாலை கட்டுகிறவர்களில் இரண்டு பேர் பெயர் சொல்லுங்கள். அவர்களுக்கு ஒருநாள் கூலி என்ன என்று சொல்லுங்கள். தெரியவில்லை என்றால் பெருமையைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள், விசாரித்துவிட்டுத் தூக்கிக்கொள்ளலாம்.

ஊர்ப் பஞ்சாயத்துக்கும் மாலை கட்டுகிறவர்களின் சங்கங்களுக்கும் ஒரு யோசனை. ஓபர்காம்ஃப் துணித் தலைப்பில் அடித்த முத்திரையைப்போல, வெளியூர் போகிற ஒவ்வொரு மாணிக்கமாலையோடும் ஒரு சின்னச் சீட்டுப் போகட்டும். தோவாளை என்ற பெயர் அதில் இருக்கட்டும், அதற்குக் கீழே கட்டியவர் பெயர் இருக்கட்டும், அதற்கும் கீழே அவருக்குக் கொடுத்த கூலி எவ்வளவு என்று இருக்கட்டும். கூலியைக் கண்டு வாங்குகிறவன் வெட்கப்பட்டால் நல்லது. கொடுக்கிறவனும் வெட்கப்பட்டால் இன்னும் நல்லது.